சின்ன ஃபைல் போகுது, பெரிய வேவ் ஃபைல் பாதியில நிக்குது: ஆபீஸ் சாட் அப்லோட் சிக்கல்

கேட்டவர்: பனஸ்வாடி_ஆடியோ

வணக்கம். பெங்களூர் பனஸ்வாடியில ஒரு சின்ன ரெக்கார்டிங் ஆபீஸ்ல எடிட்டிங் பார்க்கிறேன். ஆலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பாடங்களைத் தமிழ்ல குரல் பதிஞ்சு கொடுக்கிறது எங்க வேலை. பதிவு மேக்ல, எடிட்டிங் என் விண்டோஸ் லேப்டாப்ல. முடிச்ச பாடத்தை பொம்மனஹள்ளியில இருக்கிற அக்காவுக்கு சாட்ல அனுப்புவேன், அவங்க கேட்டு ஓகே சொல்லணும்.

இப்போ அரை மணி நேரப் பாடம் (வேவ், அதாவது சுருக்காத ஒலி ஃபைல்; 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 518 எம்பி) சாட்ல ஏறவே மாட்டேங்குது. பாதி வரைக்கும் கோடு ஓடும், அப்புறம் சிவப்பு எழுத்துல "அப்லோட் ஃபெயில்டு". ஸ்க்ரிப்ட் பிடிஎஃப் மட்டும் உடனே போயிடுது. அதே வேவ் ஃபைலை எங்க டீம் சேனல்ல போட்டா போகுது! ஆனா அங்க கிளையன்ட் ஆட்களும் இருக்காங்க, ஓகே ஆகாத பதிவை அவங்க கண்ணுல காட்ட முடியாது. கடைசியில ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து பையனை நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு தாண்டி அனுப்புறோம். சாயங்காலம்னா அவன் திரும்பி வர்றதுக்குள்ள ஆபீஸ் பூட்டிடும்.

இன்னொண்ணு: மேக்ல சிங்க் ஆகிற போல்டர்ல சில பாடங்களுக்கு மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி நிக்குது. ரெண்டும் ஒரே கோளாறா?

பதில்: நெட்ஒர்க்_தம்பி

அப்லோட் ஸ்பீடு எவ்வளவு வருது? டவுன்லோட் 100 காட்டினாலும் அப்லோட் 5 தான் இருக்கும் சில பிளான்ல. விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியா விடுற ஆப்) ஓடுதுன்னா நிறுத்திட்டு, போன் ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க.

பனஸ்வாடி_ஆடியோ

ஹாட்ஸ்பாட்லயும் அதே கதைதான் தம்பி. விபிஎன் எங்ககிட்ட கிடையாது.

பதில்: ஒயிட்ஃபீல்ட்_அட்மின்

சேனல்ல போகுது, சாட்ல போகல, நெட் மாத்தியும் மாறல. இந்த மூணும் இருக்கும்போது நெட்டை விட்டுடுங்க. நீங்க பயன்படுத்துறது மைக்ரோசாஃப்ட்டோட டீம்ஸ் சாட்னு வச்சுக்கிட்டு சொல்றேன்.

சேனலும் சாட்டும் திரையில பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் ஃபைல் போய்ச் சேர்ற இடம் வேற. சேனல்ல போடுறது அந்த டீமோட ஷேர்பாயின்ட்ல (டீம் மொத்தத்துக்கும் பொதுவான ஆன்லைன் ஃபைல் இடம்) உட்காரும். சாட்ல போடுறது அனுப்புறவரோட ஒன்டிரைவ்ல (அவருக்குன்னு இருக்கிற ஆன்லைன் ஃபைல் இடம்), "மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சாட் ஃபைல்ஸ்"ங்கிற போல்டருக்குப் போகும். அக்காகிட்ட போறதே இல்லை, அவங்களுக்குப் போறது அதைத் திறக்கிற அனுமதி மட்டும்தான். அதனால உங்க ஒன்டிரைவ்ல 200 எம்பி மட்டும் மிச்சம் இருந்தா பிடிஎஃப் போகும், வேவ் போகாது. அளவு வரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அங்க ஒரு ஃபைல் 250 ஜிபி வரைக்கும் இருக்கலாம்.

எடிட்டிங்கை ஒன்டிரைவ் போல்டருக்குள்ளயே வச்சுப் பண்றீங்களா? அப்படின்னா இடம் எங்க போச்சுன்னு இப்பவே சொல்லிடலாம். மூச்சுச் சத்தத்தை வெட்டி சேவ் பண்ணாலும் பழைய வெர்ஷன் முழுசா தங்கும். வழக்கமா 500 வெர்ஷன் வரைக்கும் வச்சிருக்கும், எல்லாமே உங்க கணக்குல சேரும். 20 பாடம், பாடத்துக்கு 100 சேவ்னா, 518 எம்பி வீதம் 1 டிபி காலி. போல்டரைத் திறந்து பார்த்தா 20 ஃபைல்தான் தெரியும், சுமார் 10 ஜிபிதான் இருக்கும்!

பிரவுசர்ல ஒன்டிரைவ் திறந்து, பல்சக்கரம், ஒன்டிரைவ் செட்டிங்ஸ், மோர் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் மெட்ரிக்ஸ். எந்த ஃபைல் எவ்வளவு தின்னுதுன்னு அங்க தெரியும், வெர்ஷன் ஹிஸ்டரியும் அங்கிருந்தே திறக்கும். பழசை அழிச்சதும் ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க, இல்லன்னா 93 நாள் அங்கேயே கிடக்கும். இனிமே லேப்டாப் டிஸ்க்ல எடிட் பண்ணி, முடிச்சதை மட்டும் ஒன்டிரைவ்ல போடுங்க. கேட்டுப் பார்க்கிறதுக்கு மட்டும்னா ஃப்ளாக் (ஒலியைச் சுருக்கி வைக்கிற ஃபைல் வகை) ஆக்கி அனுப்புங்க, தரம் குறையாது, அளவு நல்லாவே குறையும்.

பதில்: எழுத்துரு_மல்லேஸ்வரம்

சிவப்புக் குறி வேற கோளாறுங்க. பாடத் தலைப்பையே ஃபைல் பேரா வைக்கிறீங்கன்னு நினைக்கிறேன். "தீப்பிடித்தால் என்ன செய்வது?" மாதிரி கேள்விக்குறி இருக்கான்னு பாருங்க. மேக் அதை ஏத்துக்கும், ஒன்டிரைவ் ஏத்துக்காது. நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் குறியையும் ஒன்டிரைவ் ஏத்துக்காது.

இன்னொண்ணும் கவனிங்க, தமிழ்ல பேர் வைக்கிற எல்லாருக்கும் இது வரும். "தொழிற்சாலைப்பாதுகாப்பு" நம்ம கண்ணுக்கு 11 எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தனித்தனியா எண்ணும், அதனால 22. யூடிஎஃப்-8ல (கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற முறை) ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 66. ஆபீஸ்ல லினக்ஸ் பேக்கப் பெட்டி இருந்தா பேருக்கு 255 பைட்தான் இடம். இப்படி நாலு சொல் சேர்ந்தாலே தாண்டிடும். என்கிரிப்ட் பண்ண (ரகசியக் குறியீட்டுல பூட்டின) போல்டர்னா சிலதுல 143 தான், ரெண்டு சொல்லோட சரி. இங்கிலீஷ்ல பேர் வைக்கிறவங்க இதைப் பார்த்திருக்கவே மாட்டாங்க, அதனால சப்போர்ட்ல கேட்டாலும் சட்டுனு பதில் வராது.

பனஸ்வாடி_ஆடியோ

அட்மின் அண்ணா, ஸ்டோரேஜ் மெட்ரிக்ஸ் பார்த்தேன். கிரேன் பாடம் ஒண்ணு மட்டும் 90 ஜிபிக்கு மேல! வெர்ஷனை அழிச்சு, பின்னைக் காலி பண்ணதும் சாட்ல முழு வேவ் போயிடுச்சு, அக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. மல்லேஸ்வரம் சார், சிவப்பு நின்ன அத்தனையிலயும் கேள்விக்குறி இருந்தது, எடுத்ததும் பச்சை ஆயிடுச்சு.

பேக்கப் பெட்டியும் இருக்கு, என்கிரிப்ட் பண்ணதுதான். அதுல எந்தெந்தப் பாடம் ஏறாம விட்டுப்போச்சுன்னு இன்னைக்கே பார்க்கணும். கிளையன்ட் முழுத் தமிழ்த் தலைப்பு வேணும்னு கேட்கிறாங்க, என்ன பண்ணலாம்?

எழுத்துரு_மல்லேஸ்வரம்

பேரை "பாடம்-07-கிரேன்" அளவுல வைங்க. முழுத் தலைப்பை வேவ் ஃபைலோட டைட்டில் மெட்டாடேட்டாவுல (ஃபைலுக்குள்ளயே இருக்கிற விவரக் குறிப்பு) போடுங்க, கூடவே எண் வாரியா ஒரு எக்செல் ஷீட் கொடுங்க. ஷீட்டை யூடிஎஃப்-8 சிஎஸ்வியா (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) கேட்டாங்கன்னா "பிஓஎம்" (இது யூடிஎஃப்-8னு ஃபைல் தொடக்கத்துல காட்டுற குறி) சேர்த்து சேவ் பண்ணுங்க, இல்லன்னா அவங்க எக்செல்ல தமிழ் உடைஞ்சு தெரியலாம்.