மறு: 'செங்குத்துப் பரவல்' வேண்டாம்

> தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதைச் 'செங்குத்துப் பரவல்' எனலாம். ஒத்துவராவிட்டால் 'தாய்வழித் தொற்று'.

வணக்கம் ஐயா. அகராதிக்காக நீங்கள் சொன்ன இரண்டு சொற்களைப் பற்றி எழுதுகிறேன். முதல் சொல்லைக் கேட்டு எங்கள் பென்னாகரத்தில் யாருக்கும் பிள்ளைப்பேறு நினைவுக்கு வராது. அதை விட்டுவிடலாம். என் கவலை இரண்டாவதில்தான். 'தாய்வழி' என்றாலே இங்கே சொத்தும் வம்சமும்தான். கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகத் தெரிந்த கர்ப்பிணியிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், "எங்கம்மா வூட்ல யாருக்கும் காமாலை வந்ததில்லீங்களே" என்பாள். அது மாமியார் காதிலும் விழும். பரம்பரை நோய் என்று ஆகிவிட்டால் பிறந்த வீட்டுக்கும் சேர்த்து அவள் பழி சுமக்க வேண்டும். இத்தனைக்கும் அவளுக்கே காமாலை வந்திருக்காது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளேயே இருக்கும் கிருமி இது.

பி வகை கருப்பையிலேயே தொற்றுவது குறைவு. பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயின் இரத்தம் பட்டுத்தான் தொற்றுகிறது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, இந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்கிற, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் என்கிறார்கள். பச்சைக்குழந்தையில் தொற்றிவிட்டால் 100க்குச் சுமார் 90 பேருக்கு அது நாள்பட்டுத் தங்கிவிடும். ஆகவே நேரத்தைச் சொல்கிற சொல்லே வேண்டும்: 'பேற்றுத் தொற்று'. மகப்பேறு என்ற சொல் ஆஸ்பத்திரிப் பலகையிலேயே இருக்கிறது, விளக்க வேண்டியதில்லை.

'ஈற்றுத் தொற்று' என்றும் நினைத்துப் பார்த்தேன். ஈத்து என்பது மாட்டுக்குச் சொல்வது. பெண்ணுக்கு ஆகாது.

பென்னாகரம், கிராமச் செவிலி

---

அம்மா, 'பேற்றுத் தொற்று' நன்று. ஆனால் எச்ஐவி தாய்ப்பாலிலும் தொற்றும். ஹெபடைடிஸ் இ கருவிலிருக்கும்போதே தொற்றலாம். எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல் வேண்டாமா? 'தாய்சேய்த் தொற்று' பொருந்துமா?

ஓசூரிலிருந்து

---

பொருந்தும் ஐயா, பொதுச்சொல்லாக அகராதியில் அதையே வைக்கலாம். இ வகை பற்றி எழுதும்போது மட்டும் தாயை முன்னே வையுங்கள். அசுத்தத் தண்ணீரால் வரும் அந்தக் காமாலை, கடைசி மூன்று மாதத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து.

பி வகைக் கையேட்டில் 'தாய்சேய்த் தொற்று' என்று அச்சிட வேண்டாம். அதைப் படித்ததும் பாலை நிறுத்திவிடுவார்கள். ஊசி போட்ட பிள்ளைக்கு அந்தத் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.