ஆஸ்திரேலியாவில் சமூகப் பணி முதுகலை: ஊதியமற்ற ஆயிரம் மணி நேரக் களப்பயிற்சியை எப்படிச் சமாளிப்பது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற நான், சில ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் ஆற்றுப்படுத்துநராகப் பணியாற்றி வருகிறேன். குழந்தைகள் நலக் குழுவின் முன் அறிக்கை வைக்க வேண்டிய ஒவ்வொரு முறையும், சமூகப் பணியை முறையாகப் படிக்காததன் குறையை உணர்கிறேன். மெல்பனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு அப்பாவின் வீட்டை ஈடு வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும்.

படிப்பின் ஒரு பகுதியாக ஆயிரம் மணி நேரம் ஊதியமில்லாமல் களப்பயிற்சி செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் கடிதம் கூறுகிறது. அந்த மாதங்களில் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் எப்படிச் சமாளிப்பது? களப்பயிற்சி மாணவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசு உதவித்தொகை வழங்குவதாகவும் கேள்விப்பட்டேன். அது நமக்கும் கிடைக்குமா? இந்த வழியில் சென்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

யாராநதி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் இதே படிப்பை முடித்து, இப்போது மெல்பனில் ஒரு பொது மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். உதவித்தொகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 1 முதல் ஆசிரியப் பயிற்சி, செவிலியம், மகப்பேறு செவிலியம், சமூகப் பணி ஆகிய படிப்புகளின் கட்டாயக் களப்பயிற்சிக்கு அரசு வாராந்தரத் தொகை வழங்குவது உண்மைதான். ஆனால் அது உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டுமே உரியது. மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. அதை நம்பி வரவுசெலவுக் கணக்குப் போட வேண்டாம்.

ஆயிரம் மணி நேரம் என்பது உங்கள் பல்கலைக்கழகம் தானாக வகுத்த விதியன்று. ஆஸ்திரேலியச் சமூகப் பணியாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற எல்லாப் படிப்புகளுக்கும் அதுதான் அளவு என்பதால், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும் அதிலிருந்து தப்ப முடியாது. வழக்கமாக அதை ஐந்நூறு ஐந்நூறு மணி நேரமாகப் பிரித்து, இரு வேறு வகையான இடங்களில் செய்ய வைப்பார்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்று கணக்கிட்டால், ஒவ்வொரு களப்பயிற்சியும் ஏறத்தாழ பதினான்கு வாரம் நீளும்.

மாணவர் விசாவில், வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். படிப்பின் கட்டாயப் பகுதியாகப் பதிவு செய்யப்பட்ட களப்பயிற்சி இந்த 48 மணி நேரத்தில் சேராது. எனவே சட்டப்படி உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. தடையாக நிற்பது உடம்புதான். திங்கள் முதல் வெள்ளி வரை குடும்ப வன்முறையாலோ போதைப் பழக்கத்தாலோ பாதிக்கப்பட்டவர்களின் துயரங்களைக் கேட்டுவிட்டு, சனி, ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் பணி செய்து, இரவில் கட்டுரையும் எழுதும் ஒருவர் பத்தாவது வாரத்தில் எந்த நிலையில் இருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே படித்து முடித்தவர்கள் என்னுடன் பலர் இருந்தார்கள்; ஆயினும் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைமுறையில் பயன்படும் வழி வேறொன்று இருக்கிறது. பருவ விடுமுறைகளில் அந்த 48 மணி நேர வரம்பு கிடையாது. களப்பயிற்சிக்கு முந்தைய விடுமுறையில் முழுநேரம் உழைத்து, பதினான்கு வார வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவுப் பணியிலோ முதியோர் பராமரிப்பிலோ சேர்ந்தால் வார இறுதியில் கூடுதல் ஊதியமும் உண்டு. அந்த அனுபவம் பிறகு உங்கள் துறைக்கும் உதவும். விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 டாலரைக் காட்ட வேண்டும் என்பது 2024 மே மாதம் முதல் உள்ள விதி. பலர் அந்தத் தொகையைச் சில வாரங்களுக்கு மட்டும் வங்கியில் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள். களப்பயிற்சிக் காலத்தில் தவிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கட்டணம் போக அந்தப் பணம் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்குமா என்று முதலில் பாருங்கள். இருக்காது என்றால் ஓராண்டு தள்ளிப்போடுவது மேல்.

உங்கள் பணி அனுபவத்தைக் கொண்டு முதல் களப்பயிற்சியில் விலக்குக் கேட்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தின் களக்கல்வி அலுவலகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் அனுபவம் மிக்கவர்களுக்கு அதை அனுமதிக்கின்றன. நிறுவனத்தின் கடிதம், பணி விவரம், உங்களை மேற்பார்வையிட்டவரின் தகுதி ஆகியவற்றைச் சான்றுகளுடன் காட்ட வேண்டியிருக்கும்.

மாம்பலத்தார் எழுதியது:

மேலே உள்ள பதில் நேர்மையாக இருக்கிறது. இருந்தாலும் கேள்வியையே சற்றுத் திருப்பிப் போட விரும்புகிறேன். சமூகப் பணிக் கல்வி இங்கே இல்லாத ஒன்றா? டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-லும், சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952-லும் தொடங்கப்பட்டன. இங்கே எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் செலவு அந்தக் கட்டணத்தில் சிறு பங்குகூட ஆகாது. வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்டு வொர்க், முடிவில் பிளாக் பிளேஸ்மென்ட் (ஒரே நிறுவனத்தில் தொடர்ச்சியாகச் செய்யும் பயிற்சி) என்று களப்பணியும் இருக்கிறது. அதற்கும் ஊதியம் இல்லை, ஆனால் வீட்டில் இருந்துகொண்டே செய்யலாம்.

பட்டம் பெற்றபின் ஆஸ்திரேலியா செல்ல விரும்பினால், அதே ஆஸ்திரேலியச் சங்கம் வெளிநாட்டுப் பட்டங்களையும் மதிப்பிடுகிறது. ஐஎல்ட்ஸ் அகாடமிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் நான்கு பிரிவுகளிலும் 7 பெற வேண்டும். களப்பணி நேரம், மேற்பார்வை ஆகியவற்றுக்குக் கல்லூரியின் ஆவணங்களும் வேண்டும். இங்குள்ள மாணவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். களப்பணி நாட்குறிப்புகளையும், மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட நேரப் பதிவுகளையும் சேர்க்கை நாளிலிருந்தே பாதுகாத்து வைக்க வேண்டும். மனிதவளப் பிரிவை எடுத்துத் தொழிற்சாலையில் களப்பணி செய்தவர்களுக்கு இந்த மதிப்பீடு எளிதல்ல; மருத்துவ, மனநலப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். வீட்டை ஈடு வைக்கும் முன் இந்த வழியையும் கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள்.

யாராநதி எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே படித்துவிட்டு நேரடியாக வருபவருக்கு இந்நாட்டுக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டமோ, மருத்துவமனையின் நடைமுறையோ பழக்கம் இருக்காது. பரிந்துரைக்க உள்ளூரில் ஆளும் இருக்க மாட்டார். என்னுடன் படித்தவர்களில் பலருக்கு முதல் வேலை, இரண்டாவது களப்பயிற்சி செய்த இடத்திலேயே கிடைத்தது. ஊதியமில்லாத அந்த ஐந்நூறு மணி நேரத்துக்குக் கிடைக்கும் உண்மையான பலன் அதுதான். அதனால்தான் இரண்டாவது இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் விருப்பத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். படிப்புக்குப் பின் தங்கி வேலை செய்வதற்கான 485 விசாவுக்கு 2024 ஜூலை முதல் வயது வரம்பு 35. இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு முதுகலைக்குப் பின் மூன்று ஆண்டு வரை அந்த விசா கிடைக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எனக்கு இப்போது 27 வயது என்பதால் வயது வரம்பு உடனடிச் சிக்கலில்லை. பணத்தைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்குச் சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கப் போகிறேன். இன்னொரு ஐயம்: தமிழ் தெரிந்திருப்பது களப்பயிற்சி இடம் கிடைப்பதற்கு உதவுமா?

வன்னிமகள் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். மெல்பனின் டான்டினோங் பகுதியில் புகலிடம் கோரி வந்தவர்களுக்கான ஒரு சேவை நிலையத்தில் வேலை செய்கிறேன். தமிழ் உதவும், ஆனால் நீங்கள் எண்ணும் விதத்தில் அல்ல. இங்கே மொழிபெயர்ப்பு தனித் தொழில். அதற்குத் தனிச் சான்றிதழும் தொலைபேசிச் சேவையும் உண்டு. களப்பயிற்சி மாணவி தமிழ் பேசுவாள் என்று தெரிந்ததும், பக்கத்து அறையில் உள்ள குடும்பத்துக்கு மொழிபெயர்க்க வரச் சொல்லி யாராவது கேட்பார்கள். அதற்கு உடன்படாமல், உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு தாயின் பிள்ளையை அவளிடமிருந்து பிரிப்பதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் பயிற்சி மாணவி மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தால், அது அந்தத் தாய்க்குச் செய்யும் அநீதி.

நீங்கள் குழந்தைகள் இல்லத்தில் இருந்து வருவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நாட்டுப் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்த வரலாற்றில் சமூகப் பணியாளர்களுக்கும் பங்கு இருந்தது. அதை ஆஸ்திரேலியச் சமூகப் பணியாளர் சங்கமே 2004-இல் ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. இதை முதல் பருவத்திலேயே படிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு மாணவர்கள் சிலர் இது தங்களுக்குத் தொடர்பில்லாத பழங்கதை என்று நினைத்து மேலோட்டமாக எழுதிவிட்டு, பிறகு குழந்தைப் பாதுகாப்புக் களப்பயிற்சிக்கான நேர்காணலில் தடுமாறுகிறார்கள். நேர்காணல் செய்பவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள் என்று எண்ணிக்கொண்டே படியுங்கள்.

யாராநதி எழுதியது:

ஓராண்டு அவகாசம் எடுப்பதானால், அதற்குள் கார் ஓட்டப் பழகி உரிமம் பெற்றுவிடுங்கள். வீடுகளுக்கு நேரில் செல்ல வேண்டிய பல நிறுவனங்கள், உரிமம் இல்லாத மாணவர்களை ஏற்றுக்கொள்வதே இல்லை. அப்படிக் களப்பயிற்சி தள்ளிப்போனால் படிப்புக் காலம் நீளும், விசாவையும் நீட்டிக்க வேண்டியிருக்கலாம்; கட்டணமும் கூடலாம். காவல்துறைச் சான்று, குழந்தைகளுடன் பணிபுரிவதற்கான விக்டோரியா மாநில அனுமதி, மருத்துவமனையானால் தடுப்பூசிப் பதிவுகள் ஆகியவற்றை இங்கே வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே தொடங்கிவிடலாம். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை வீட்டில் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள்.