ஸ்விஃப்ட் ஒப்பந்தம்: ஐரோப்பாவின் வங்கித் தகவல் அமெரிக்காவுக்குப் போவது சரியா?

கடலோடி:
ஐரோப்பாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் அந்தப் பரிமாற்றச் செய்தி பெரும்பாலும் ஸ்விஃப்ட் வழியாகத்தான் போகும்; வங்கிகளுக்கு இடையே இந்தச் செய்திகளைக் கொண்டுசேர்க்கும், பெல்ஜியத்தில் உள்ள நிறுவனம் அது. யார், யாருக்கு, எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிதித்துறை இதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது. 2006 ஜூனில் பத்திரிகையில் வந்த பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அதற்கே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுமா? இல்லை என்பதுதான் என் கட்சி.

தணிகை:
திருட்டுத்தனமாக எடுத்ததையும் சட்டத்துக்கு உட்பட்டு எடுப்பதையும் ஒரே தராசில் வைக்காதீங்க. முதலில் வந்த இடைக்கால ஒப்பந்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2010 பிப்ரவரி 11இல் 378க்கு 196 என்று தூக்கி எறிந்தது. ஜூலையில் சம்மதித்தபோது கட்டுப்பாடுகள் வந்தன. அமெரிக்கா கேட்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் சரிபார்க்கணும். ஒவ்வொரு தேடலுக்கும் பயங்கரவாதத் தொடர்பு காட்டணும். தேடலில் எடுக்காத தகவலை 5 வருடத்தில் அழிக்கணும். தேடலைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தோடு மேற்பார்வையாளர்கள் உண்டு. 2002 பாலி குண்டுவெடிப்பில் 202 பேர் செத்தாங்க. அதில் தேடப்பட்ட ஹம்பாலி 2003இல் பிடிபட இந்தத் தகவல் உதவியது என்று, ரகசியத்தை உடைத்த அதே நியூயார்க் டைம்ஸ்தான் எழுதியது.

கடலோடி:
யூரோபோல் சரிபார்த்த லட்சணத்தையும் சொல்கிறேன். 2011 மார்ச்சில் அதன் தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவே அறிக்கை கொடுத்தது. அமெரிக்கா எழுத்தில் அனுப்பிய கோரிக்கைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி, பொத்தாம்பொதுவாக இருந்தன. முக்கிய விவரத்தை வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், குறிப்பெடுக்கவும் விடவில்லை. இருந்தும் யூரோபோல் ஒப்புதல் கொடுத்தது. காற்றில் போன பேச்சை எந்தத் தணிக்கையாளர் சரிபார்ப்பார்? அடிப்படைக் கோளாறு வேறு: ஒரு ஆளின் பேரைப் போட்டுத் தேடித் தனியாகப் பிரித்துக் கொடுக்க ஸ்விஃப்டால் முடியாது. மொத்தமாகத்தான் போகிறது. ஒரு சந்தேக நபருக்காக, ஒரு பாவமும் அறியாத ஆயிரம் பேரின் கணக்கு.

வல்லிபுரத்தான்:
நான் ஜெர்மனியில இருக்கிறன். மாதாமாதம் யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவுக்கு மருந்துக்காசு அனுப்புறன். ஐரோப்பாவுக்குள்ள யூரோவில நடக்கிற செபா பரிமாற்றம் இதுக்குள்ள வராது எண்டு ஒப்பந்தத்திலயே எழுதியிருக்கு. அப்ப வாறது ஆர்? என்னை மாதிரி ஊருக்கு அனுப்புற சனம்தான்.

ஒருமுறை காசு 11 நாள் நிண்டுபோச்சு. 'பரிசோதனையில இருக்கு' எண்டதுக்கு மேல வங்கியில ஒரு சொல்லும் வரேல்லை. அம்மா போனில "பரவாயில்லை ராசா, பக்கத்து வீட்டில காசு கடனா மாறிட்டன்" எண்டா. இந்த ஒப்பந்தத்தாலதான் நிண்டது எண்டு நான் சொல்லேல்லை. ஏன் எண்டு கேக்க ஒரு கதவு வேணும், அவ்வளவுதான்.

தணிகை:
அண்ணா, செபா விஷயத்தை நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. நீங்க சொல்றது சரி. ஆனா கதவு இருக்கு. உங்க நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் வழியா அமெரிக்க நிதித்துறையைக் கேட்க ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு உரிமை தருது.

கடலோடி:
அந்தக் கதவைத் தட்டினால், உரிமை மதிக்கப்பட்டதா இல்லையா என்ற உறுதி மட்டும்தான் நிச்சயம். என்ன எடுத்தார்கள் என்று சொல்லாமலே விடலாம். அமெரிக்க உளவு வேலையை ஸ்னோடன் அம்பலப்படுத்திய பிறகு, 2013 அக்டோபரில் இதை நிறுத்திவையுங்கள் என்று நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. 280க்கு 254. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அசைந்து கொடுக்கவில்லை.

தணிகை:
ரத்து செய்யணும் என்பதை நான் இன்னும் ஏற்கலை. குண்டு வைக்கிறவன் கையிலும் பணம்தான் ஓடுது, அதைப் பின்தொடராமல் இருக்க முடியாது. ஆனா தேவையானதை ஐரோப்பாவிலேயே பிரித்தெடுத்து, அதை மட்டும் அனுப்பும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. 2013 நவம்பரில் ஆணையம் அதைக் கிடப்பில் போட்டது பெரிய தப்பு. அந்த இடத்தில் உங்க பக்கம்தான் நிற்கிறேன்.

வல்லிபுரத்தான்:
15ஆவது பிரிவைச் சொன்னதுக்கு நன்றி தம்பி. திங்கக்கிழமை கடிதம் போடுறன். என்ன மறுமொழி வந்தாலும் இங்க எழுதுறன்.