கூலிக்கு ஒப்பாரி: நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? (வாசகர் பதிவுகள்)

மதுரைக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் வயதானவர் சாவென்றால் பறைமேளத்தோடு, கூலிக்கு ஒப்பாரி பாடும் செட்டுக்கும் சொல்லிவிடுவார்கள். என் பெரியப்பா சாவுக்கு ஓர் அக்காவும், பெண் வேஷம் கட்டிய ஓர் ஆளும் வந்திருந்தார்கள். மைக்கை எடுக்கும் முன்னால் அந்த அக்கா என்னைத் திண்ணை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தார். "பெரியவரு பேரென்ன தம்பி? மகளை எங்க கட்டிக் குடுத்திருக்கு? பேரப்புள்ளைக பேரு?" கடைசியாக, "யாரு பேரச் சொல்லக் கூடாது?"

தொழில் தெரிந்தவர் என்று அப்போதே புரிந்துவிட்டது. சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு சித்தப்பா எங்களுக்கும் உண்டு. சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

மகள் வந்த கார் தெருமுனையில் திரும்பியதும் பாட்டு மாறியது. அதுவரை ஊர்க்காரியாகப் பாடியவர், மகளே அப்பனைக் கேட்பதுபோல் பாட ஆரம்பித்தார். விறைப்பாக இறங்கிய எங்கள் அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டாள். கூலிக்கு மாரடிப்பது என்று சும்மா சொல்லிவிடுகிறோம். அன்று அழுததெல்லாம் நாங்கள்தான், அவர் அழ வைத்தார்.

பிடிக்காதது ஒன்று உண்டு. காசு கொடுப்பவர் பெயரையும் பாட்டில் சேர்ப்பார்கள். நூறு ரூபாய் கொடுத்த மச்சான் பெயர் பெரியப்பா பெயரைவிட அதிகம் மைக்கில் ஒலித்தது!

*

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரப் பெண்களே வட்டமாக உட்கார்ந்து, தோளில் தோள் சாய்த்து ஒப்பாரி வைப்பார்கள். கூலிக்கு வருபவர்கள் பெரும்பாலும் சேரிப் பெண்கள். என் அப்பாயி சாவில் அவர்களை வாசலைத் தாண்ட விடவில்லை. காபி கூட பேப்பர் கப்பில்தான், வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவர்கள் பாட்டு மட்டும் கூடம் வரை வரலாமாம். யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

*

2020 ஊரடங்கில் சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்றார்களே, அதில் முதலில் விடுபட்டது கூலிக்குப் பாடுபவர்கள்தான். எங்களுக்குத் தெரிந்த பாட்டுக்காரம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது திரும்பப் பாடுகிறார், ஆனால் ஸ்பீக்கரில் ரெக்கார்டு போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடாத வீடுகள் கூடிவிட்டன. ரெக்கார்டுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பெயர் எப்படித் தெரியும்?

*

முதலில் எழுதியவன்தான். செட்டு வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: உள்ளூர்ப் பந்தல்காரரிடம் சொன்னால் போதும், அவரே ஏற்பாடு செய்துவிடுவார். பேசிய கூலியோடு வண்டி வாடகையும் சாப்பாடும் சேர்த்தியா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிணத்தை எடுத்த பிறகு பேரம் பேசாதீர்கள், அசிங்கம்.