எரிபொருள் தொட்டியின் பட்டைக்குப் பெயர்: ‘ஏந்துபட்டை’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் எரிபொருள் தொட்டியை வீட்டிலேயே இறக்கிப் பழுதுபார்த்து, மீண்டும் ஏற்றிப் பூட்டும் முறையைத் தமிழில் எழுதிவரும் நண்பர், அந்தத் தொட்டியை அடியிலிருந்து பிடித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஏற்ற சொல்லைக் கேட்டிருந்தார். இதுவரை தொட்டிப்பட்டை, கட்டுப்பட்டை, தாங்குபட்டை, தாங்குவார், தூளிப்பட்டை ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘ஏந்துபட்டை’ என்பதை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். இந்தச் சொல்லை முதலில் படிக்கப்போகிறவர் நூலகத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையில் ஸ்பேனருடன், முகத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் பெட்ரோல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஆகவே சொல் அழகாக இருப்பதைவிட, அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதை அவருக்குச் சரியாகச் சொல்வதே முக்கியம் என்று கருதுகிறேன்.

முதலில் உறுப்பைப் பார்ப்போம். பல கார்களில் எரிபொருள் தொட்டி பின் இருக்கைக்குக் கீழே, அடித்தளத் தகட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. பட்டைகளால் மாட்டப்படும் அமைப்பில் பெரும்பாலும் இரண்டு எஃகுப் பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையின் ஒரு முனை அடித்தளத்திலுள்ள காடியில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும், அல்லது ஊசியில் கீல்போலத் திரும்பும். பட்டை தொட்டியின் அடிவயிற்றைச் சுற்றி வந்து, மறுமுனையில் போல்ட்டால் இறுக்கப்படும். தொட்டிக்குக் கீழே வேறு தட்டோ சட்டமோ இராது. பெட்ரோலின் எடை லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ என்பதால், 45 லிட்டர் நிறைந்த தொட்டியில் எரிபொருள் மட்டுமே 33 கிலோவுக்குக் குறையாது. அந்த எடையும், பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதனால் உண்டாகும் கூடுதல் இழுப்பும் இந்த இரண்டு பட்டைகளின் மேல்தான் விழுகின்றன.

இதனால்தான் ‘கட்டுப்பட்டை’ என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கட்டு என்றால், ஏற்கெனவே வேறொன்றின் மேல் நிலையாக இருக்கும் பொருள் அசையாதபடி பிணைப்பது என்றே நாம் புரிந்துகொள்கிறோம். சந்தைக்குப் போகும் வண்டியில் மூட்டையைக் கட்டுகிறோம். கட்டை அவிழ்த்தாலும் மூட்டை வண்டியிலேயே இருக்கும். அந்த எண்ணத்தோடு ஒருவர் தொட்டிக்குக் கீழே ஜாக்கி கொடுக்காமல் போல்ட்டைக் கழற்றினால், தொட்டி அவர் மேலேயே இறங்கும். எழுத்திலும் ஓர் இடர் உண்டு: ‘கட்டுப்பட்டை’ என்பதற்கும் ‘கட்டுப்பட்ட’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு ஐகாரக் குறிதான். அழுக்குக் கையால் புரட்டப்படும் தாளில், மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த இடத்தில் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரியின் பக்கவாட்டில் உருளையாகவோ பெட்டியாகவோ தெரியும் டீசல் தொட்டியையும் பட்டைகள்தாம் சுற்றியிருக்கின்றன. ஆனால் அங்கே தொட்டி, சட்டத்திலிருந்து நீளும் எல் வடிவத் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை அதை மேலிருந்து வளைத்துத் தாங்கியோடு சேர்த்துப் பிடிக்கிறது. எடை தாங்கியில், பிடிப்பு பட்டையில். கார்களில் டிக்கியில் வைக்கப்படும் எரிவாயு உருளையும் இப்படியே தொட்டில் போன்ற சட்டத்தில் அமர்ந்து, பட்டையால் பிடிக்கப்படுகிறது. இவற்றுக்குக் ‘கட்டுப்பட்டை’ மிகப் பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டேங்க் ஸ்ட்ராப்’ என்ற ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்று சுமக்கிறது, மற்றது பிணைக்கிறது. இந்த வேறுபாடு கழற்றுபவரின் உயிரைத் தொடும் வேறுபாடு என்பதால், அது பெயரிலேயே தெரிவது நல்லது. இரண்டையும் பொதுவாகக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘தொட்டிப்பட்டை’ இருக்கட்டும். உதிரி உறுப்புக் கடையின் பட்டியலுக்கு அது போதும்.

‘தாங்குபட்டை’ பெரும்பான்மையோருக்குப் பிடித்திருக்கிறது என்பதை அறிவேன். எனக்கு இரண்டு தடைகள் தோன்றுகின்றன. முதலாவதை யாழ்ப்பாணத்து நண்பர் ஏற்கெனவே சுட்டிக்காட்டினார். இலங்கைத் தமிழில் தாங்கி என்பதே தொட்டியைக் குறிக்கும் சொல். நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி, திருகோணமலையின் எண்ணெய்த் தாங்கிகள் என்று அங்கே நாளிதழிலும் பேச்சிலும் வழங்குகிறது. தமிழ்நாட்டிலோ தாங்கி என்றால் சுமையைப் பொறுக்கும் உறுப்பு. எந்திரவியல் நூல்களில் பந்துத் தாங்கி, உருளைத் தாங்கி என்று அது நிலைபெற்றுவிட்டது. ‘தாங்கியின் தாங்குபட்டையை இறுக்கவும்’ என்று ஒரு கரையிலும், ‘தொட்டியின் தாங்குபட்டையை இறுக்கவும்’ என்று மறுகரையிலும் எழுத நேர்ந்தால், முன்னதைப் படிப்பவர் ஒருகணம் தடுமாறுவார். இரு நாட்டுத் தமிழருக்கும் ஒரே சொல் போதுமானதாக அமைய வாய்ப்பிருக்கும்போது அதை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது தடை வினையின் இயல்பைப் பற்றியது. தூண் கூரையைத் தாங்குகிறது. சுமைதாங்கிக் கல் தலைச்சுமையைத் தாங்குகிறது. இரண்டிலும் தாங்குவது தரையில் ஊன்றி நின்று, மேலிருந்து வரும் அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறது. நம் பட்டையோ தரையைத் தொடுவதே இல்லை. இரு முனைகளும் மேலே பற்றியிருக்க, நடுப்பகுதி கீழே வளைந்து பொருளை வாங்கிக்கொள்கிறது. அதில் இருப்பது அழுத்தம் அன்று, இழுவிசை. இதற்குத் தமிழில் மிகப் பழகிய வினை ‘ஏந்துதல்’. குழந்தையை ஏந்துகிறோம், தீச்சட்டி ஏந்துகிறோம். ஏந்தும் கைகள் மேலே தோளில் பிடிப்புக்கொண்டு, கீழே குவிந்து பொருளைச் சுமக்கின்றன. தூண் கூரையை ஏந்துகிறது என்று யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனித்தால், இரண்டு வினைகளுக்கும் இடையே மொழி தானே போட்டுவைத்திருக்கும் கோடு தெளிவாகும். வசதி என்ற பொருளில் ‘ஏந்து’ என்று தனித்தமிழில் எழுதுவோர் சிலர் உண்டு; அங்கே அது பெயர்ச்சொல், இங்கே வினையடி, எனவே இரண்டும் மோதிக்கொள்ளா.

‘வார்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செருப்பு வார், கடிவாள வார் என்று தோலோடு பிறந்த நல்ல சொல் அது. ஆனால் வினையடிக்குப் பின்னால் வந்தால் முற்றுவினைபோல ஒலிக்கிறது. ‘தாங்குவார்’, ‘ஏந்துவார்’, ‘இறுக்குவார்’ என்று எதைச் சொன்னாலும் மரியாதைக்குரிய ஒருவர் நாளை வந்து அந்தச் செயலைச் செய்யப்போவதாகவே காதில் விழும். முழவின் தோலை வாரால் இழுத்து இறுக்குவதைச் சங்கப் பாடல்கள் ‘விசித்தல்’ என்று சொல்வதை நினைவூட்டி, ‘விசிபட்டை’ ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இழுவிசையை அவ்வளவு கூர்மையாகச் சொல்லும் வேறு வினை நம்மிடம் இல்லை என்பது உண்மை. அதை இழக்க எனக்கும் வருத்தம்தான். ஆனால் இன்று விசிப்பலகை என்றால்கூடப் பலருக்கு விளங்காது. விளக்கம் தேவைப்படும் சொல்லைப் பாதுகாப்பு அறிவுரையில் வைக்க நான் துணியமாட்டேன். ‘தூளிப்பட்டை’யின் கற்பனையை மிகவும் ரசித்தேன். ஆயினும் தூளியின் இலக்கணம் ஆடுவது. தொட்டி ஆடினால் குழாய் இணைப்புகள் தளரும், அடித்தளத்தோடு உரசித் தேயும்.

‘பட்டை’ என்பதற்கு வருகிறேன். பணிமனைகளில் ஸ்பிரிங் பட்டை என்று வில்தகட்டைச் சொல்வதால் குழப்பம் வரும் என்று ஓர் ஐயம் எழுப்பப்பட்டது. அடைமொழி சேர்ந்ததும் அந்த ஐயம் நீங்கிவிடும் என்று நம்புகிறேன். அதை அஞ்சிப் ‘பட்டி’ என்று மாற்றுவது இன்னும் தீங்கு. பட்டி பார்ப்பது என்றால் நசுங்கிய தகட்டில் பூச்சு வைத்துத் தேய்ப்பது என்று டிங்கரிங் கடையில் எல்லாரும் அறிவர். எழுதும் முறை: ஏந்துபட்டை என்பது ஏந்திய, ஏந்துகிற, ஏந்தும் பட்டை என விரியும் வினைத்தொகை ஆதலால் இடையே வல்லினம் மிகாது. ‘ஏந்துப்பட்டை’ என்று எழுத வேண்டாம்.

ஒரு கலைச்சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது. நண்பரின் வழிமுறையில் இந்தச் சொல் வரும் பகுதியை என் நடையில் எழுதிப் பார்த்தேன்:

‘காற்றோட்டமான திறந்த இடத்தில், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய நிலையிலேயே இந்த வேலையைத் தொடரவும். அகலமான மரப்பலகையை ஜாக்கியின் மேல் வைத்து, அதன்மேல் தொட்டியை அமர்த்திச் சிறிது சிறிதாக உயர்த்தவும். கை நுழையும் இடைவெளி இருக்கும்போதே எரிபொருள் குழாய், ஆவிக் குழாய், மின் இணைப்பு ஆகியவற்றை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துப் பிடிப்பை உறுதிசெய்துகொள்ளவும். தொட்டி முழுவதும் மேலேறியபின் எந்தக் குழாயும் அடித்தளத்துக்கும் தொட்டிக்கும் இடையில் நசுங்கியிருக்கக் கூடாது. இனி ஒவ்வோர் ஏந்துபட்டையின் கொக்கி முனையையும் காடியில் மாட்டி, பட்டையைத் தொட்டியின் அடியிலுள்ள பள்ளத்தில் படியவைத்து, மறுமுனையின் போல்ட்டை விரலால் சில மரைகள் ஏற்றி விடவும். ஒரு பட்டையை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், இரண்டையும் மாறி மாறி இறுக்கவும். கடைசி இறுக்கத்தை வண்டியின் கையேடு கூறும் திருப்புவிசைக்கு டார்க் ரெஞ்சால் கொண்டுவரவும். இரண்டு ஏந்துபட்டைகளும் இறுகும்வரை ஜாக்கியை இறக்க வேண்டாம்.’

கடைசி வாக்கியத்தில் ‘கட்டுப்பட்டை’யை வைத்துப் படித்துப் பாருங்கள், ஜாக்கியை ஏன் இறக்கக் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ‘ஏந்துபட்டை’யில் விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைப்போலவே, இறுக்கம் மிகுந்தால் நெகிழித் தொட்டி நசுங்கி உருமாறும், குறைந்தால் தொட்டி அதிர்ந்து ஓசை எழுப்பும் என்ற இரு எச்சரிக்கைகளும் ஏந்துதல் என்ற கருத்தோடு இயல்பாகவே ஒட்டிக்கொள்கின்றன.

இதற்கெல்லாம் இவ்வளவு கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 உள்ளிட்ட ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகளை இந்தப் பட்டைகளுக்காகவே திரும்ப அழைத்தது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் தூவும் உப்பு எஃகுப் பட்டைகளை அரித்துவிட, அவை அறுந்து தொட்டி கீழே இறங்கித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். ஆகவே வழிமுறையில், கழற்றிய ஏந்துபட்டையை அப்படியே மீண்டும் மாட்டுவதற்குமுன் துருவைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். துரு செதிலாக உரிந்தாலோ, வளைவில் கீறல் தெரிந்தாலோ புதியதைத்தான் மாட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயைச் சுவரில் பிடிக்கும் துளைத் தகட்டை வெட்டி அந்த இடத்தில் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

துருவைப் பற்றிப் பேசும்போது துணைச்சொல் ஒன்றும் தேவைப்படுகிறது. பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே உரசலைத் தடுக்க ஒரு ரப்பர்த் துண்டு இருக்கிறது. கடைகளில் ரப்பர் பேடு என்கிறார்கள். ஈரமும் உப்பும் தங்குவது அதன் அடியில்தான். வெளியில் நன்றாகத் தெரியும் பட்டை உள்ளே தின்னப்பட்டிருப்பதும் அங்கேதான். இதற்கு ‘இடையணை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தலையணைபோல மெத்தென்று இடையில் கிடப்பது என்ற பொருள் உடனே விளங்கும். ஆனால் ‘அணை’ என்பதை நீர்த்தேக்கத்தோடு இணைத்துப் படிக்க வாய்ப்புண்டா என்ற ஐயம் எனக்கு முழுவதும் நீங்கவில்லை. பணிமனையில் இருக்கும் நண்பர்கள் இந்தத் துண்டுக்கு வேறு பேச்சுவழக்குச் சொல் ஏதேனும் வைத்திருந்தால், அதையே முதன்மையாக எடுத்துக்கொள்ள நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்.