பேனாக்கத்தி ஒன்றுக்கு 7,000 ரூபா கொடுக்கலாமா?

கோப்பாய்த் தோட்டக்காரன்

வணக்கம் எல்லோருக்கும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியக்கூடிய சின்ன மடக்குக் கத்தி ஒன்று தேடுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்குத் தோட்ட வேலை, வெங்காயமும் வாழையும். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது எதையாவது அறுக்க வேண்டிவரும். உரப்பைத் தையல், வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கயிறு, சொட்டுநீர்க் குழாய், மத்தியானம் கிணற்றடியில் இருந்து சாப்பிட ஒரு மாம்பழம். ஒவ்வொன்றுக்கும் கொட்டிலுக்கு நடந்துபோய்க் கத்தி எடுத்துவர ஏலாது.

போன வருடம் யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு கடையில் 650 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். பார்க்க வடிவு, கறுப்புப் பிடி, பின்பக்கம் சின்ன ரோச் லைற் வேறு. இரண்டு மாதத்தில் ஆணி தளர்ந்து அலகு ஆடத் தொடங்கியது, நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் குழாயில் துளை போட முனையை ஊன்றி அழுத்தினேன், பூட்டு விட்டுவிட்டது, அலகு அப்படியே மடங்கிச் சுட்டுவிரலில் இறங்கியது. மூன்று தையல். இப்போதும் குளிர் நாளில் அந்த விரல் நுனி விறைக்கும்.

அப்புறம் கொழும்புக்கு ஒரு அலுவலாகப் போன இடத்தில் சுவிஸ் கத்தி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிவப்புப் பிடி, என் சின்னவிரல் நீளம்கூட இல்லை. நகத்தை வைத்து இழுத்தால் பாதிவரை ஒரே சீராக வருகிறது, பிறகு தானாகவே சடக் என்று போய் நிற்கிறது. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. விலை 7,000 ரூபாவுக்கு மேல். அதைவிடப் பெரியது என்றால் இரட்டிப்பு. அந்தக் காசோடு கொஞ்சம் போட்டால் ஒரு மூட்டை உரம் வாங்கலாம் என்று அம்மா சொல்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் விரலைப் பார்க்கிறபோது மலிவுக் கத்தி வாங்கவும் மனம் வரவில்லை.

உண்மையாகவே அந்த விலைக்கு அதில் ஏதும் இருக்கிறதா, இல்லை பெயருக்குத்தான் காசா?

அராலி மூத்தவர்

தம்பி, முதலில் அந்த 650 ரூபாக் கத்தியை வீட்டில் வைத்திராதேயும். சின்னப் பிள்ளைகள் கையில் எடுத்தால் இன்னொரு விரல் போகும்.

நான் 11 வருடமாக ஒரே கத்தி பாவிக்கிறேன். பிரான்சில் இருக்கிற என் தம்பி கொண்டுவந்து தந்தது, ஒப்பினெல் என்று பெயர், 8ஆம் இலக்கம். அங்கே சாதாரணக் கடையில் 12, 15 யூரோவுக்குள்தான். நம் காசில் 4,000, 5,000 வரும் என்றாலும் நீர் பார்த்த சுவிஸ் கத்தியைவிட அலகு பெரிது, எட்டரை சென்ரிமீற்றர். சவோய் என்ற மலைப்பகுதியில் 1890 அளவில் கமக்காரருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் என்று செய்யத் தொடங்கிய கத்தி, இன்றும் கிட்டத்தட்ட அதே உருவம். மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, கழுத்தில் ஒரு வளையம், வேறொன்றும் இல்லை. அந்த வளையம் 1955இல் சேர்த்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பிவிட்டால் எவ்வளவு ஊன்றினாலும் மடங்காது. உமக்கு வேண்டியது அதுதான். 6ஆம் இலக்கத்திலிருந்து மேலேதான் வளையம் உண்டு, அதைவிடச் சின்னதில் இல்லை, ஆசைப்பட்டு 5 வாங்கிவிடாதேயும்.

ஆனால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். என்னுடையது துருப்பிடிக்கிற கார்பன் இரும்பு. வந்த முதல் கிழமையே ஒரு புளி மாங்காயை அறுத்தேன், அலகு நீலமும் சாம்பலுமாக மாறிவிட்டது, மாங்காய்த் துண்டிலும் கறுப்பு, வாயில் இரும்பு வாசம். அந்த நிறம் ஏறினால் பிறகு துரு கொஞ்சம் குறைவு என்பது உண்மை, ஆனாலும் கடற்காற்று படுகிற ஊரில் இரவு துடைக்காமல் வைத்தால் காலையில் செம்மஞ்சள் புள்ளி இருக்கும். அதே கத்தி துருப்பிடிக்காத இரும்பிலும் வருகிறது, விலையில் பெரிய வித்தியாசமில்லை. நீர் அதை வாங்கும்.

இன்னொன்று, மாரி. கார்த்திகை மழைக்குப் பிடி ஊறிப் பருத்து அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். அதற்கு அந்த ஊர்க்காரரே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் பின் முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே தலை நீட்டும், பிறகு முதுகைப் பிடித்து இழுக்கலாம். நான் கிணற்றுக் கட்டில் தட்டித்தான் திறக்கிறேன்.

வல்லைக் காற்று

மூட்டையும் கயிறும் குழாயும்தான் என்றால் அலகு மாற்றுகிற கட்டர் போதும், 200, 300 ரூபா. மொட்டையானால் அலகை உடைத்துவிட்டு அடுத்ததைத் தள்ளுங்கள். நான் கட்டட வேலையில் இதுதான் வைத்திருக்கிறேன். உடைத்த துண்டைத் தோட்டத்து மண்ணில் மட்டும் போடாதீர்கள், வெறுங்காலோடு நடக்கிற இடம்.

சுண்டிக்குளி ரீச்சர்

நீங்கள் பார்த்த அந்தச் சின்னச் சிவப்புக் கத்தி என் கைப்பையில் ஆறு வருடமாக இருக்கிறது. சுவிஸில் இருக்கிற சித்தி சொக்கலேற்றோடு கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டு அலுமாரியில் இப்படி ஒன்று பெட்டியோடு கிடக்கும் என்று நினைக்கிறேன், பாவம், வெளியே எடுக்காமலே.

நான் பாவிக்கிறேன். 58 மில்லிமீற்றர் நீளம், 21 கிராம், பையில் இருப்பதே தெரியாது. ஒரு அலகு, ஒரு கத்தரிக்கோல், ஒரு நக அரம், பிடிக்குள் சின்னச் சாமணமும் பற்குச்சியும். உண்மையைச் சொன்னால் நான் அலகைவிடக் கத்தரிக்கோலைத்தான் அதிகம் எடுப்பேன். பிள்ளைகளின் சட்டை நூல், மருந்துப் பக்கற், கண்காட்சிக்கு ஒட்டுகிற தாள். சாமணத்தால் எத்தனை பிள்ளைகளின் காலில் முள் எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கத்தரிக்கோலின் வில் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தளரவில்லை. அதற்காகவே அந்த விலை கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் உங்களுக்கு அது சரிவராது தம்பி. அதில் பூட்டு இல்லை, முதுகில் இருக்கிற வில்லு மட்டும்தான் அலகைப் பிடிக்கிறது. முனையை ஊன்றித் துளை போட்டால் பழைய கதைதான். இதைச் செய்கிற கொம்பனி 1891இல் சுவிஸ் படைவீரருக்குக் கொடுத்த கத்தி துவக்கைக் கழற்றவும் தகரப்பேணி திறக்கவும் என்று செய்தது, அது தடித்த முரட்டுக் கத்தி. அதிகாரிகளுக்கென்று மெல்லியது 1897இல்தான் வந்தது. கைப்பைக்குள் போகிற இந்தச் சின்னது இன்னும் மென்மையான வேலைக்கு.

விமானத்தில் போகிறவர்கள் கைப்பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இதற்கு முன் வைத்திருந்த ஒன்றை அப்படித்தான் இழந்தேன், அது என் அண்ணாவின் நினைவாக இருந்தது.

கம்மாலைப் பேரன்

எங்கள் அப்பப்பா கம்மாலை வைத்திருந்தவர், லொறி வில்லுத் தகட்டில் கத்தி அடிப்பார். விலை ஏன் கூட என்று கேட்டதற்கு அவரிடம் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

சாதாரணக் கத்தி என்றால் ஒரு இரும்பு, ஒரு பிடி. நன்றாகத் தோய்ச்சல் போட்டால், அதாவது காய்ச்சித் தோய்த்து இரும்பை இறுக்கினால், முடிந்தது. மடக்குக் கத்தியில் அலகு சுழல்கிற ஆணி, அதைப் பிடிக்கிற துளை, முதுகு வில் அல்லது பூட்டு, இவை எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். துளை ஒரு மயிரளவு பெருத்தால் அலகு ஆடும், இறுகினால் திறக்காது. உங்களுக்கு அந்தச் சடக் சத்தம் பிடித்தது என்றால், அலகின் அடியும் வில்லும் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம், காசு போனது அந்த இடத்துக்குத்தான். அடுத்தது தோய்ச்சல். கூடினால் விளிம்பு பொரிந்துபோகும், குறைந்தால் இரண்டு மூட்டை அறுக்க மழுங்கும். மலிவுக் கத்தியில் மழுங்குவது ஒரு பிரச்சினையே இல்லை, தீட்டலாம். பூட்டு விடுவதுதான் பிரச்சினை.

மலிவானதெல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சீனாவிலிருந்து 3,000, 4,000 ரூபாவுக்குள் நல்ல கத்தியும் வருகிறது. எது வாங்கினாலும் கடையிலேயே பாருங்கள். திறந்து பூட்டியபின் அலகைப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆடினால் வேண்டாம். விரல்கள் அலகு மடங்குகிற பாதையில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசையில் வைத்து அழுத்துங்கள், பூட்டு நழுவினால் வேண்டாம். மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலகு நடுவில் இருக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், தையல் உங்கள் விரலுக்கு.

தீட்டுவதற்குப் பெரிய கல் தேவையில்லை. பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் இல்லாமல் சொரசொரப்பாக இருக்கிற வளையத்தில் மாறி மாறி ஏழெட்டு இழுப்பு, அலகைக் கொஞ்சமாகச் சரித்துப் பிடித்து. ஆணிக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், நாள்பட அழுக்குச் சேர்ந்து பசையாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும்.

ஓலைக்கட்டு

விலையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஆசையைப் பற்றி நான் கொஞ்சம். இந்த ஆசை நமக்குச் சுவிஸிலிருந்து வந்ததில்லை. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுதுகிற கூர், மறுபக்கம் ஓலை வாரவும் நறுக்கவும் சின்னக் கத்தி, இரண்டும் நடுவிலிருக்கிற பிடிக்குள் மடங்கிவிடும். ஒரு பழைய வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கத்திப் பக்கத்தின் ஆணி இன்னும் இறுக்கம், விரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக.

எங்கள் அப்பாவிடமும் ஒரு பேனாக்கத்தி இருந்தது, கொம்புப் பிடி. சுருட்டின் நுனி நறுக்கவும் எனக்குப் பென்சில் சீவித் தரவும் அதுதான். சீவிய பென்சிலை ஊதிவிட்டுத் தன் பெருவிரலில் குத்திக் கூர் பார்த்துத்தான் தருவார். சோதனைச் சாவடிகள் வந்த பிறகு அதை வெளியே கொண்டுபோகப் பயந்து அலுமாரிக்குள் வைத்தார். திரும்ப எடுக்கிற காலம் வந்தபோது அவர் இல்லை, கத்தியும் துருவேறி இறுகிவிட்டது. நான் அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் திறந்துவிட்டேன், பாதி அலகுதான் மிச்சம், ஆனாலும் வைத்திருக்கிறேன்.

அதனால் தம்பி, பிடித்ததை வாங்குங்கள், ஆனால் பாவிக்கிற கத்தியாக வாங்குங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், வாசலில் சோதிப்பார்கள், வீண் கரைச்சல்.

கோப்பாய்த் தோட்டக்காரன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், 5,000க்குக் கீழே என்றால் சரி என்றார். பாரிசிலிருந்து மச்சான் ஆவணியில் வருகிறார், துருப்பிடிக்காத இரும்பில் 7ஆம் இலக்கம் சொல்லியிருக்கிறேன், பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லியும் விட்டேன். கட்டரும் ஒன்று இன்றைக்கே வாங்கிவிட்டேன், உரப்பைக்கு அது போதும். ரீச்சர், அந்தச் சிவப்புக் கத்தி அம்மாவுக்குத்தான் சரி, அவர் தைக்கிறவர், எப்போதாவது வாங்கிக் கொடுப்பேன்.

அராலி ஐயா, பிடி மழைக்கு ஊறாமல் இருக்க ஏதும் பூசலாமா?

அராலி மூத்தவர்

பூசலாம். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மெழுகுதிரியைப் பிடியின் பிளவுக்குள்ளும் கழுத்தைச் சுற்றியும் நன்றாகத் தேய்த்து, அடுப்பு வெக்கையில் கொஞ்சம் தூரப் பிடியும். மெழுகு இளகி மரத்துக்குள் இறங்கும். ஆறினதும் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தரம். ஐப்பசிக்கு முன் செய்துவிடும்.