நரகம் நித்தியமா, இல்ல ஒரு நாள் முடிஞ்சிடுமா? மத்தேயு 25:46 பத்தி

கடலோரம்:
போன வாரம் அம்மாவோட அப்பா இறந்துட்டாரு, 91 வயசு. கடைசி வரைக்கும் நெத்தியில திருநீறோடதான் இருந்தாரு, அம்மா மட்டும் கல்யாணத்துக்கு அப்புறம் சபைக்கு வந்தவங்க. வீட்டுல ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தா, நரகத்தப் பத்தி அரை மணி நேரம் பிரசங்கம். "கோடி வருஷம் எரிஞ்சாலும் அங்க அது முதல் நாள்தான்"னு முடிச்சாரு. அம்மா அன்னைலேர்ந்து சரியா தூங்கல. சண்டை போட வரல, நெஜமாவே கேக்குறேன், பைபிள் அப்படித்தான் சொல்லுதா?

பாளைவாசி:
தம்பி, எழவு வீட்டுல போயி அப்படிப் பேசுனது தப்பு, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. உங்க தாத்தா எங்க இருக்காருன்னு தீர்ப்பு எழுத அந்தப் பாஸ்டருக்கும் அதிகாரம் இல்ல, எனக்கும் இல்ல. ஆனா பேசுன இடம் தப்புங்கறதால பேசுன விஷயம் பொய்யாயிடாது. "இவர்கள் நித்திய ஆக்கினையை அடையவும், நீதிமான்களோ நித்திய ஜீவனை அடையவும் போவார்கள்." ஒரே வசனம், ரெண்டு பக்கமும் ஒரே "நித்திய". நரகத்துக்கு முடிவு உண்டுன்னா பரலோகத்துக்கும் முடிவு உண்டுன்னுதான ஆகும்? இத அகுஸ்தீன்ங்கற பழைய சபைப் பிதா 1,600 வருஷத்துக்கு முன்னாடியே 'கடவுளின் நகரம்' 21ஆம் புஸ்தகத்துல கேட்டுட்டாரு. இன்னி வரைக்கும் யாரும் நேரா பதில் சொல்லல.

கிரேக்கக்_கத்துக்குட்டி:
நேரா சொல்றேன் ஐயா. நித்தியம்ங்கறத நான் குறைக்கவே இல்ல, ரெண்டு பக்கமும் முடிவில்லாததுதான், சரி. ஆனா அந்த ஆக்கினை என்ன ஆக்கினை? அத அந்த வசனம் சொல்லல, மத்த வசனம் சொல்லுது. பாதி கிறிஸ்தவ வீட்டுச் செவுத்துல தொங்குமே ரோமர் 6:23, "பாவத்தின் சம்பளம் மரணம்", சம்பளம் மரணம்னுதான போட்டிருக்கு, சித்திரவதைன்னா போட்டிருக்கு? 2 தெசலோனிக்கேயர் 1:9ல "நித்திய அழிவாகிய தண்டனை"ன்னு பவுல் தெளிவாவே சொல்றாரு, மத்தேயு 10:28ல இயேசுவே ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே "அழிக்க" வல்லவர்னு சொல்றாரு. ஒருத்தன் செத்து திரும்பி வரவே முடியலன்னா அந்தத் தண்டனை நித்தியமானதுதான, அவன் நித்தியமா துடிச்சிக்கிட்டே இருந்தாத்தான் நித்தியம்னு இல்லயே. யூதா 7ல சோதோம் பட்டணம் "நித்திய அக்கினியின் ஆக்கினையை" அடைஞ்சதுன்னு இருக்கு, இப்ப சோதோம் எரிஞ்சிக்கிட்டா இருக்கு? அப்புறம் நரகத்தப் பத்தி இயேசு சொன்ன அந்தச் சாவாத புழு, அவியாத அக்கினி, அது ஏசாயா 66:24லேர்ந்து வருது, அங்க போய்ப் பாருங்க, அந்த அக்கினியில கிடக்குறது "பிரேதங்கள்", உயிரோட கத்துறவங்க இல்ல. இத நான் மட்டும் சொல்லல, ஜான் ஸ்டாட்ங்கற பெரிய ஆங்கிலேயப் போதகரே 1988ல இந்தப் பக்கம் சாஞ்சிட்டாரு.

பாளைவாசி:
ஸ்டாட் "தற்காலிகமா இப்படி நினைக்கிறேன்"னுதான் சொன்னாரு, அவர் கூட்டாளி, இறையியலாளர் பாக்கரே அத ஏத்துக்கல, அதையும் சேத்துச் சொல்லணும்ல. சரி, லூக்கா 16க்கு வாங்க. ஐசுவரியவான் செத்து அழிஞ்சா போனான்? வேதனைப்படுதான், தண்ணி கேக்குதான், அண்ணன் தம்பிங்கள நினைக்குதான். வெளிப்படுத்தல் 14:11ல வாதையின் புகை "சதாகாலங்களிலும்" எழும்புது.

கிரேக்கக்_கத்துக்குட்டி:
ஐயா நம்ம தமிழ் பைபிளையே பாருங்க, ஐசுவரியவான் இருந்த எடம் "பாதாளம்", நரகம்னு போடல. மூலத்துலயும் அது வேற வார்த்தை. அவன் அண்ணன் தம்பிங்க இன்னும் உயிரோட இருக்காங்க, அப்ப நியாயத்தீர்ப்பே நடக்கல. கடைசியில அந்தப் பாதாளத்தையே அக்கினிக் கடல்ல தள்ளுறாங்க, அதுக்குப் பேரு "இரண்டாம் மரணம்"னு வெளிப்படுத்தல் 20:14. புகை எழும்புறதும் ஏசாயா 34ல ஏதோம் நாட்டுக்குச் சொன்ன அதே பேச்சு, "என்றென்றைக்கும் எழும்பும்"னு. ஏதோம்ல இன்னிக்குப் புகையா வருது?

மழைக்காலம்:
நரகம்னா எருசலேம் வெளியில இருந்த குப்பைமேடு, எப்பவும் எரிஞ்சிக்கிட்டே இருக்குமாம், இயேசு அத உவமையாத்தான் சொன்னாரு. எதுக்கு இவ்ளோ டென்ஷன்?

கிரேக்கக்_கத்துக்குட்டி:
பிரதர், நம்ம பக்கம் பேசுறீங்க, ஆனாலும் அத விட்ருங்க. குப்பைமேடு கதைய முதல்ல எழுதுனவரு தாவீது கிம்கினு ஒரு யூத ரபி, ஏறக்குறைய 1200ஆம் வருஷம். அதுக்கு முன்னாடி எழுத்துல எங்கயும் இல்ல. நரகத்துக்கு மூலத்துல இருக்குற வார்த்தை அங்க இருந்த இன்னோம் பள்ளத்தாக்கோட பேர்லேர்ந்துதான் வருது, அதுக்கு எரேமியா 7 படிங்க, பிள்ளைங்கள தீயில போட்ட எடம் அது. குப்பைய விட பயங்கரம்.

பாளைவாசி:
இதுக்கு மட்டும் உனக்கு ஒரு லைக் தம்பி.

தரங்கம்பாடி_பேரன்:
நாங்க லூத்தரன். 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 17ஆம் பிரிவுல, கெட்டவங்களுக்கும் பிசாசுகளுக்கும் தண்டனை முடிஞ்சிடும்னு சொல்றவங்கள பேர் சொல்லியே கண்டிச்சிருக்கு. 500 வருஷம் முன்னாடி தீந்த வழக்க திரும்பத் திரும்பத் தோண்டுறீங்க.

எல்லாரும்_வருவாங்க:
எங்க தீந்துச்சு பிரதர்? இங்கிலாந்து சபை 1553ல 42 பிரமாணம் போட்டாங்க. 42ஆவது, கடைசியில எல்லாரும் இரட்சிக்கப்படுவாங்கன்னு சொல்றவங்களுக்கு எதிரானது. பத்தே வருஷத்துல, 1563ல, அத எடுத்துட்டாங்க. அந்தச் சபையோட கிளையும் சேந்து 1947ல உருவானதுதான் நம்ம சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. 1853ல மாரிஸ்ங்கறவரு, நித்தியம்னா நீளமான நேரம் இல்லன்னு எழுதுனதுக்கு லண்டன் கிங்ஸ் காலேஜ்ல வேலைய விட்டுத் தூக்குனாங்க. 1864ல வில்சன்ங்கற குருவானவர் கேஸ் மேல்முறையீட்டுக்குப் போச்சு. கெட்டவங்களுக்கும் கடைசியில மன்னிப்பு கிடைக்கும்னு நம்புறது குத்தமில்லன்னு அங்க மேல்முறையீட்டு மன்றமா இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பே குடுத்துச்சு. எனக்கு அழிவும் வேண்டாம் எரிவும் வேண்டாம், 1 கொரிந்தியர் 15:28, "தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பார்". ஒரு மூலையில மட்டும் ஜனங்க கதறிக்கிட்டே இருந்தா அது என்ன சகலம்? இத நிசாவின் கிரெகோரிங்கற பிஷப் 4ஆம் நூற்றாண்டுலயே நம்புனாரு, அவரு பரிசுத்தவான் பட்டியல்ல இருக்காரு.

பாளைவாசி:
அதே மாதிரி எல்லாரும் கடைசியில மீட்கப்படுவாங்கன்னு போதிச்ச பழைய சபை ஆசிரியர் ஓரிகனையும் சேத்துச் சொல்ல வேண்டியதுதானே. 543ல ஜஸ்டினியன் ராஜா அவரு போதனைய கண்டிச்சாரு, 553ல பிஷப்புங்க கூடுன கான்ஸ்டான்டினோபிள் சங்கத்துல அவரு பேரே சபிக்கப்பட்டவங்க வரிசையில இருக்கு.

எல்லாரும்_வருவாங்க:
செத்து 300 வருஷம் கழிச்சு சபிச்சாங்க, அதுவும் ராஜா சொல்லி. நல்ல நீதிமன்றம்.

கிரேக்கக்_கத்துக்குட்டி:
வருவாங்க அண்ணே, உங்க மனசு எனக்குப் பிடிக்கும், ஆனா "மரணம்" "அழிவு"ன்னு இவ்ளோ வசனம் இருக்குறத நீங்க தாண்டித்தான் போறீங்க. பாளை ஐயாவுக்கும் ஒண்ணு ஒத்துக்கிறேன், வெளிப்படுத்தல் 20:10, "இரவும் பகலும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள்", அது எனக்குத் தொண்டையில முள்ளுதான். பிசாசு, மிருகம், கள்ளத்தீர்க்கதரிசி மூணு பேருக்குன்னு சொல்லித் தப்பிக்கலாம், முழுசா தப்பிக்க முடியலன்னு எனக்கே தெரியும். ஆனா நீங்க ஒண்ணு சொல்லுங்க, 70 வருஷப் பாவத்துக்கு முடிவே இல்லாத வேதனை எப்படி நியாயம்?

பாளைவாசி:
அன்செல்ம்ங்கற இடைக்கால இறையியலாளர் காலத்துலேர்ந்து சொல்ற பதில்தான், யாருக்கு விரோதமா பாவம் பண்ணுனோம்ங்கறதுதான் அளவு, எவ்வளவு நேரம்ங்கறது இல்ல. ஒரு கொலைக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும், தண்டனையும் ஒரு நிமிஷமா குடுப்பாங்க? எல்லாருக்கும் ஒரே அளவுன்னும் நாங்க சொல்லல. லூக்கா 12:47, 48ல எஜமான் சித்தத்தை அறிஞ்சும் செய்யாதவனுக்கு "அநேக அடிகள்", அறியாம செஞ்சவனுக்கு "சில அடிகள்". தம்பி கடலோரம், உங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்னா இதக் காட்டுங்க. அவங்க அப்பாவுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைச்சுதோ அத வச்சுத்தான் கர்த்தர் பாப்பாரு.

மழைக்காலம்:
ஐயா இத அந்தப் பாஸ்டர் சொல்லிருக்கலாம்.

பாளைவாசி:
சொல்லிருக்கலாம்.

கடலோரம்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். கிரேக்கம், சங்கம் எல்லாம் அம்மாகிட்ட சொல்லல, பாளை ஐயா சொன்ன அந்த ரெண்டு வசனத்த மட்டும் ராத்திரி வாசிச்சுக் காமிச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "சில அடின்னா எண்ணி முடிச்சிடலாம்ல?"ன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, ஐயா நீங்களே சொல்லுங்க.

பாளைவாசி:
தம்பி, இதுக்கு உடனே பதில் சொன்னேன்னா அது பொய்யாப் போயிடும். ரெண்டு நாள் குடுங்க. அம்மா பேரு தெரியாது, இன்னைக்கு ராத்திரி ஜெபத்துல கடலோரத்தோட அம்மான்னு சொல்லிக்கிடுதேன்.